இளமையையும் முதுமையையும் ஆராய்வோர் வட்டத்தில் சேர: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904இல் பதின்பருவம் பற்றி இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டார். அந்தப் பருவத்தைத் தனி ஆய்வுப் பொருளாக நிலைநிறுத்தியதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1922இல், அதே மனிதர் முதுமை பற்றியும் ஒரு நூல் எழுதினார். ஒரே ஆள் இரு முனைகளையும் தொட்ட காலம் அது. பிறகு இரண்டும் தனிக்குடித்தனம் போய்விட்டன. இளையோர் ஆய்வு கல்வி, சமூகவியல், குற்றவியல் பக்கம் வளர்ந்தது. முதுமை ஆய்வு மருத்துவம், ஓய்வூதியம், பராமரிப்பு பக்கம் வளர்ந்தது. சங்கம் வேறு, ஆய்விதழ் வேறு, மாநாடு வேறு என்றாயிற்று. இரண்டையும் ‘வயது’ என்ற ஒரே கேள்வியின் இரு முனைகளாகப் பார்ப்பவர்கள் இன்று பெருகி வருகிறார்கள். புதிதாக வருபவருக்கு அங்கே வேலையும் இருக்கிறது, வரவேற்பும் இருக்கிறது.

முதுகலை மாணவர்கள், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள், பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தபடி ஆய்வில் இறங்க விரும்பும் ஆசிரியர்கள், செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள், எழுத்தாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதிய வழிகாட்டி இது. எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு அறிவுரை: முதல் நாளிலேயே இரண்டு வீட்டிலும் குடியேற முயலாதீர்கள். ஒன்றில் வேரூன்றி, அங்கிருந்து மற்றதற்கு வழி வையுங்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கியவர்களின் முதல் கட்டுரை பெரும்பாலும் ஒரே காரணத்தால் திரும்பி வருகிறது. இளையோர் ஆய்வைப் படித்த மதிப்பீட்டாளர் ‘எங்கள் துறையின் அடிப்படை நூல்களே இதில் இல்லை’ என்கிறார். முதுமை ஆய்வாளரும் அதையே சொல்கிறார்.

வாசலைத் தேர்ந்தெடுத்தல்

எந்த வீடு என்பதை உங்கள் பழைய பயிற்சியே தீர்மானிக்கட்டும். சமூகவியல் படித்தவருக்குப் பன்னாட்டுச் சமூகவியல் சங்கத்தில் மூன்று ஆய்வுக் குழுக்கள் இருக்கின்றன: 11ஆம் எண் குழு முதுமைக்கு, 34ஆம் எண் குழு இளையோருக்கு, 53ஆம் எண் குழு குழந்தைப் பருவத்துக்கு. இந்தச் சங்கம் உலக மாநாட்டை 4 ஆண்டுக்கு ஒரு முறை நடத்துகிறது. இடையில் இன்னொரு பெரிய கூடுகையும் உண்டு. நாட்டின் வருமான நிலையைப் பொறுத்து உறுப்பினர் கட்டணம் குறையும். மாணவருக்கு இன்னும் குறைவு.

மருத்துவம், செவிலியம், உளவியல், சமூகப் பணி வழியாக வருபவருக்கு முதுமையியல் சங்கங்கள் பொருந்தும். 1945இல் தொடங்கிய அமெரிக்க முதுமையியல் சங்கம் ஆண்டுதோறும் அறிவியல் கூட்டம் நடத்துகிறது. வளரும் ஆய்வாளர்களுக்கென்று அதற்குள் தனிப் பிரிவே இருக்கிறது. பிரிட்டிஷ் முதுமையியல் சங்கத்திலும் அப்படி ஒரு பிரிவு உண்டு. பன்னாட்டு முதுமையியல், முதியோர் மருத்துவக் கூட்டமைப்பு 1950இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் உருவானது. நாடுகளின் தேசியச் சங்கங்கள் அதில் உறுப்பினர்கள்.

இலக்கியம், திரைப்படம், வரலாறு, தத்துவம் படித்தவர்கள் பலர் ‘நமக்கு இதில் என்ன இடம்?’ என்று தயங்குகிறார்கள். அவர்களுக்கென்றே ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ‘ஏஜிங் ஸ்டடீஸ்’ வலையமைப்புகள் இயங்குகின்றன. ஒரு சமூகம் எதை இளமை என்கிறது, எதை முதுமை என்கிறது, அந்தப் படிமங்கள் எங்கே பிறக்கின்றன என்று கேட்பது அவர்கள் வேலை. குழந்தைகள், இளையோர் வரலாற்றுக்கும் தனிச் சங்கம் உண்டு. இரு முனைகளையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர் ‘நெடுங்கால, வாழ்க்கைப்போக்கு ஆய்வுகளுக்கான சங்கம்’ என்பதையும், தலைமுறைகளுக்கிடையிலான உறவுகளுக்கென்றே வரும் ஆய்விதழையும் கவனிக்க வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவை உறுப்பினராவதற்கு முனைவர் பட்டம் கேட்பதில்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் அந்தச் சங்கத்தின் கடைசி இரண்டு மாநாட்டு நிகழ்ச்சி நிரல்களை முழுதாகப் படித்துவிடுங்கள். உங்களுக்கு ஆர்வமூட்டும் தலைப்புகள் குறைந்தது பத்து இருந்தால் சேருங்கள். இரண்டு மூன்றுதான் தேறியது என்றால் அது உங்கள் இடமல்ல.

வயது என்றால் எத்தனை?

புதியவர் தடுக்கி விழும் முதல் கல் இது. ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளிவிவரத்தில் இளையோர் என்பது 15 முதல் 24 வரை. உலக சுகாதார நிறுவனத்துக்கு வளரிளம் பருவம் 10 முதல் 19 வரை. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கைப்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தை. 2006இல் ஏற்கப்பட்ட ஆப்பிரிக்க இளையோர் சாசனமோ 15 முதல் 35 வரை இளையோர் என்கிறது. ஆக, 17 வயதுப் பெண் ஒரே நேரத்தில் குழந்தையும் வளரிளம் பருவத்தினரும் இளையோரும் ஆகிறாள். 33 வயதுக்காரர் ஓரிடத்தில் இளைஞர், இன்னோரிடத்தில் இல்லை.

மறுமுனையிலும் அதே குழப்பம். ஐக்கிய நாடுகள் பல ஆவணங்களில் 60 வயதைக் கோடாக வைக்கிறது. பல நாடுகளின் புள்ளிவிவரத் துறைகள் 65ஐ வைக்கின்றன. ‘60+’ என்ற ஒற்றைக் கட்டத்தில் 61 வயதுக்காரரையும் 96 வயதுக்காரரையும் சேர்த்து அடைப்பதுதான் இதில் பெரிய பிழை. 5 வயதுக் குழந்தையையும் 40 வயதுப் பெற்றோரையும் ஒரே குழுவாகக் கணக்கிட யாரும் துணிய மாட்டார்கள். அதே 35 ஆண்டு இடைவெளி முதுமையில் மட்டும் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. இதை மாற்ற 1974இலேயே பெர்னிஸ் நியூகார்டன் ‘இளம் முதியோர்’, ‘முதிர்ந்த முதியோர்’ என்று பிரித்துக் காட்டினார்.

எனவே எதை எழுதினாலும் முதல் பக்கத்திலேயே மூன்றைச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் எடுத்த வயது வரம்பு, அதை எங்கிருந்து எடுத்தீர்கள், ஏன் அது உங்கள் கேள்விக்குப் பொருந்துகிறது. மூன்று வரி போதும். இந்த மூன்று வரி இல்லாததற்காகவே மதிப்பீட்டாளர்கள் கேள்வி எழுப்புவதுண்டு.

சொல்லிலும் கவனம் வேண்டும். வயதை வைத்து ஒருவரைக் குறைத்து மதிப்பிடுவதைக் குறிக்க ‘ஏஜிசம்’ என்ற சொல்லை 1969இல் ராபர்ட் பட்லர் உருவாக்கினார். தமிழில் வயதுப் பாகுபாடு என்கிறோம். ‘சுமை’, ‘முதியோர் சுனாமி’ போன்ற உருவகங்களை இந்த வட்டம் ஏற்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது ‘எல்டர்லி’, ‘சீனியர்ஸ்’ என்பவற்றைத் தவிர்த்து ‘ஓல்டர் அடல்ட்ஸ்’ அல்லது ‘ஓல்டர் பீப்பிள்’ என்று எழுதச் சொல்கிறது அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு. பாகுபாடு இளையோர் மீதும் பாயும் என்பதை மறக்கக் கூடாது. ‘இந்தக் காலத்துப் பசங்க’ என்று தொடங்கும் எந்தப் பொதுமைப்படுத்தலும் அதே குற்றத்தின் மறுபக்கம்தான். தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு நுட்பமும் உண்டு. ‘மூப்பு’ என்ற சொல் உடல் தளர்வதையும் குறிக்கும். பணிமூப்பு என்னும்போது முன்னுரிமையையும் குறிக்கும். எந்தப் பொருளில் எடுக்கிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிவிட்டு எழுதுங்கள்.

பன்னிரண்டு வார வாசிப்பு

வாரத்துக்கு இரண்டு கட்டுரை. ஒன்று இளையோர் பற்றியது, ஒன்று முதுமை பற்றியது. 12 வாரத்தில் 24. அதற்கு மேல் தொடக்கத்தில் வேண்டாம். அள்ளிப் போட்டுக்கொண்டு பாதியில் நிற்பதைவிட இது நன்று. முதுமைக்கு ‘ஏஜிங் அண்ட் சொசைட்டி’, ‘ஜர்னல் ஆஃப் ஏஜிங் ஸ்டடீஸ்’, ‘த ஜெரன்டாலஜிஸ்ட்’ ஆகிய ஆய்விதழ்களிலிருந்தும், இளையோருக்கு ‘ஜர்னல் ஆஃப் யூத் ஸ்டடீஸ்’, ‘யூத் அண்ட் சொசைட்டி’, ‘யங்’ ஆகியவற்றிலிருந்தும் தேர்ந்தெடுக்கலாம். கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகளிலிருந்து தொடங்கி, அவை திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டும் பழையவற்றுக்குப் பின்னோக்கிப் போங்கள். அப்படிப் போனால் தலைமுறை பற்றி 1928இல் கார்ல் மன்ஹைம் எழுதிய கட்டுரையிலும், குழந்தைப் பருவம் என்ற எண்ணத்துக்கே வரலாறு உண்டு என்று 1960இல் வாதிட்ட ஃபிலிப் ஆரியஸிடமும், வாழ்க்கையைப் பிறப்பு முதல் முதுமை வரை ஒரே தொடராகப் பார்க்கும் வாழ்க்கைப்போக்கு அணுகுமுறையை வளர்த்த கிளென் எல்டரிடமும் கட்டாயம் வந்து சேர்வீர்கள்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு அட்டை எழுதுங்கள். கேள்வி என்ன, யாருடைய வயது, அந்த வயதை எப்படி வரையறுத்தார்கள், தரவு எந்த ஆண்டு எடுக்கப்பட்டது, எந்த முறை, என்ன முடிவு, எந்த இடத்தில் உங்களுக்கு ஒப்புதல் இல்லை: ஏழு வரி. தரவு எடுக்கப்பட்ட ஆண்டைக் குறிக்க மறக்காதீர்கள். 2020இல் வெளியான கட்டுரையின் தரவு 2008ஆக இருக்கலாம்; இந்தத் துறையில் அந்தப் பன்னிரண்டு ஆண்டு பெரிய விஷயம். ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் சேமித்தால் பின்னர் மேற்கோள் பட்டியல் போடும் வேலை மிச்சம்.

எல்லோரும் விழும் குழி

வயது ஆய்வின் மையச் சிக்கல் இது. இதைப் புரிந்துகொண்டவர் புதியவராக இருந்தாலும் இந்த வட்டத்தில் மதிப்புப் பெறுவார். புரியாதவர் எத்தனை கட்டுரை எழுதினாலும் திணறுவார். எனவே சற்று நின்று பார்ப்போம்.

70 வயதினரும் 20 வயதினரும் ஒரு தேர்வு எழுதுகிறார்கள். இளையவர்கள் அதிக மதிப்பெண் பெறுகிறார்கள். ‘வயதானால் அறிவுத்திறன் குறைகிறது’ என்று எழுதிவிடலாமா? கூடாது. அந்த வேறுபாட்டுக்கு மூன்று காரணங்கள் இருக்க முடியும். ஒன்று வயது: உடலும் மனமும் உண்மையாகவே மாறியிருக்கலாம். இரண்டு பிறப்புக்குழு: 70 வயதினர் வேறொரு காலத்தில் பிறந்து, குறைவான ஆண்டுகள் பள்ளிக்குப் போய், வேறு வகை உணவில் வளர்ந்திருக்கலாம். மூன்று காலம்: தேர்வு நடந்த ஆண்டில் எல்லோரையும் பாதித்த ஏதோ ஒன்று, போரோ கொள்ளைநோயோ விலைவாசியோ, இருந்திருக்கலாம்.

இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் பிரித்தெடுப்பது கணக்கின்படியே சிக்கல். ஆய்வு நடக்கும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது வந்துவிடுகிறது. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே கிடைக்கும். எனவே மூன்றின் விளைவையும் தனித்தனியாக அளக்க எந்தச் சமன்பாடும் தானாக உதவாது. ஆய்வாளர் ஏதாவது ஒரு அனுமானத்தை வைத்தே ஆகவேண்டும். அந்த அனுமானத்தைக் கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்வதுதான் நேர்மை.

உளவியலாளர் வார்னர் ஷையி 1956இல் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வு இதற்கு நல்ல பாடம். வெவ்வேறு வயதினரை ஒரே நாளில் ஒப்பிட்டபோது அறிவுத்திறன் சீக்கிரமே சரிவதுபோல் தெரிந்தது. அதே ஆட்களை ஏழாண்டுக்கு ஒரு முறை தொடர்ந்து அளந்தபோது பல திறன்களில் சரிவு மிகத் தாமதமாகத்தான் வந்தது. முதல் படத்தில் தெரிந்த சரிவில் பெரும் பகுதி வயதினுடையதல்ல, பிறந்த காலத்தினுடையது.

கிளென் எல்டர் காட்டியது இன்னொரு கோணம். 1930களின் பெரும் பொருளாதார மந்தம் 1920–21இல் பிறந்தவர்களைப் பதின்பருவத்தில் தாக்கியது. 1928–29இல் பிறந்தவர்களைச் சிறு குழந்தைகளாகத் தாக்கியது. நிகழ்வு ஒன்றே, ஆனால் விளைவு ஒன்றல்ல. பின்னவர்களில், குறிப்பாக ஆண் குழந்தைகளுக்கு, காயம் ஆழமாக இருந்தது. எந்த வயதில் வந்து தாக்குகிறது என்பதே வாழ்க்கையின் பிற்பகுதியை மாற்றுகிறது. இளமையையும் முதுமையையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விடை அரிது.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழை: 90 வயதினரை நேர்கண்டு ‘நீண்ட ஆயுளின் ரகசியம்’ எழுதுவது. உங்கள் முன் இருப்பவர்கள் பிழைத்தவர்கள் மட்டுமே. அதே பழக்கங்களோடு 60இல் இறந்தவர்களை நீங்கள் சந்திக்கவில்லை.

கேள்வியைச் சுருக்குதல்

‘இளையோரும் சமூக ஊடகமும்’ என்பது தலைப்புதான், கேள்வி அல்ல. ‘முதியோரின் தனிமை’யும் அப்படியே. கேள்வியாக்க, யார், எங்கே, எப்போது, எதோடு எதை ஒப்பிட்டு என்று நான்கு முறை சீவுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: பேரக்குழந்தைகளை வாரத்தில் ஐந்து நாள் பார்த்துக்கொள்ளும் பாட்டிமார், ‘ஓய்வு’ என்ற சொல்லைத் தங்கள் பேச்சில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? 15 முதல் 20 நேர்காணலில் இதற்கு ஒரு விடை தேட முடியும். ஆறு மாதத்தில் முடியக்கூடியது. பேரக்குழந்தைகளின் தரப்பைப் பின்னால் சேர்த்தால் இரண்டாவது ஆய்வும் தயார்.

சீவிய கேள்வியை ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள். அதில் உள்ள வயதை எடுத்துவிட்டாலும் கேள்வி அப்படியே நிற்கிறதா? நின்றால் அது வயது ஆய்வல்ல. வறுமை பற்றியதாகவோ குடும்பம் பற்றியதாகவோ இருக்கும். நல்ல ஆய்வாகவும் இருக்கலாம், ஆனால் வேறு வட்டத்துக்கு உரியது.

தரவுக்கு எங்கே போவது?

எல்லாரும் களத்துக்குப் போக வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1992 முதல் 50 வயதுக்கு மேற்பட்டோரைத் தொடரும் உடல்நல, ஓய்வு ஆய்வு, 2002இல் தொடங்கிய இங்கிலாந்தின் முதுமை ஆய்வு, 2004 முதல் ஐரோப்பிய நாடுகளில் நடக்கும் ‘ஷேர்’, 45 வயதுக்கு மேற்பட்டோருக்கான இந்தியாவின் ‘லாசி’ ஆகியவை பதிவு செய்து உறுதிமொழி கொடுக்கும் ஆய்வாளருக்குத் தரவைக் கட்டணமின்றி வழங்குகின்றன. நாடுகளை ஒப்பிட வசதியாக இவற்றின் கேள்விகளை ஒத்திசைத்துத் தரும் ‘கேட்வே டு குளோபல் ஏஜிங் டேட்டா’ என்ற தளமும் உண்டு. குழந்தை முதல் இளமை வரை பார்க்க விரும்பினால் எத்தியோப்பியா, இந்தியா, பெரு, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 12,000 குழந்தைகளைத் தொடர்ந்த ‘யங் லைவ்ஸ்’ இருக்கிறது.

இரு முனையையும் இணைக்கும் தரவுதான் பொக்கிஷம். பிரிட்டனில் 1946 மார்ச் மாதத்தின் ஒரு வாரத்தில் பிறந்தவர்களில் 5,362 பேரைத் தொடர்ந்த ஆய்வு, பேறுகாலச் சேவை பற்றிய கணக்கெடுப்பாகத் தொடங்கி இன்று முதுமை ஆய்வாகவே ஆகிவிட்டது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைத் தொடரும் ஆய்வில், 38 வயதிலேயே சிலருடைய உடல் மற்றவர்களைவிட வேகமாக மூப்படைவது 2015இல் காட்டப்பட்டது. முதுமை 60இல் தொடங்குகிறது என்று எண்ணுபவர் இதை ஒரு முறை படித்துவிட வேண்டும்.

பெரிய தரவைத் திறந்தவுடன் கணக்குப் போட உட்காராதீர்கள். முதல் இரண்டு வாரம் வினாத்தாளையும் விளக்கக் குறிப்பேட்டையும் மட்டும் படியுங்கள். ஒரு கேள்வி எந்தச் சுற்றில் மாறியது, யாரிடம் கேட்கப்படவில்லை என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அதைப் படிக்காமல் கிடைத்த ‘கண்டுபிடிப்பு’, கேள்வி மாறியதன் நிழலாகவே பல முறை முடியும். பங்கேற்பாளர்கள் எந்தச் சுற்றில், ஏன் விலகினார்கள் என்பதையும் பாருங்கள்: முதுமை ஆய்வில் நோயாளிகளும், இளையோர் ஆய்வில் அடிக்கடி வீடு மாறும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் முதலில் காணாமல் போகிறார்கள்.

ஒப்புதல்: இரு முனைகளும் சந்திக்கும் இடம்

18 வயது நிரம்பாதவரை நேர்காண்பதென்றால் பொதுவாகப் பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். அதோடு பிள்ளையின் சம்மதமும் தனியாக வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காகப் பேச விரும்பாத பிள்ளையைப் பேசவைக்கக் கூடாது. மறுமுனையில், நினைவாற்றல் குறைந்த முதியவரின் மகனோ மகளோ ஒப்புதல் தர முன்வருவார். அங்கேயும் முதலில் கேட்க வேண்டியது அந்த முதியவரைத்தான். வயது மட்டுமே ஒருவரின் முடிவெடுக்கும் திறனை மறுக்கக் காரணமாகாது. டிமென்ஷியா (மறதிநோய்) என்ற நோய்ப்பெயர்கூட அதைத் தானாகவே மறுத்துவிடாது. இரண்டு பேருக்காகவும் வேறு யாரோ பேசிவிடுகிறார்கள். இந்த வட்டம் பல ஆண்டுகளாகப் போராடுவது அதை எதிர்த்துத்தான். உங்கள் ஆய்வே அதைத் திரும்பச் செய்யக் கூடாது.

நடைமுறை: ஆய்வில் பங்கேற்போருக்குத் தீங்கு நேராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வராமல் ஒரு நேர்காணலும் எடுக்காதீர்கள். பின்தேதியிட்டு அனுமதி கிடைக்காது. அந்தத் தரவை ஆய்விதழ் ஏற்காது. விண்ணப்பித்து ஒன்று முதல் மூன்று மாதம் காத்திருக்க நேரலாம் என்று திட்டமிடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர், குழு உள்ள நிறுவனத்தில் பணிபுரியும் ஒருவரைக் கூட்டாய்வாளராகச் சேர்த்துக்கொள்வதே எளிய வழி. ஒப்புதல் படிவம் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் (14 புள்ளிக்குக் குறையாமல்), பேச்சுக்கு நெருக்கமான நடையில் இருக்கட்டும். முதியவரோடு அமர்வு 60 நிமிடத்தைத் தாண்டினால் இடைவெளி கொடுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். காது மந்தமானவர் உதட்டைப் பார்க்க அது உதவும். இளையவரோடு பேசும்போது பெற்றோர் காதில் விழாத, ஆனால் கண்ணில் படக்கூடிய இடம் நல்லது. துன்புறுத்தல் பற்றி ஏதேனும் தெரியவந்தால் என்ன செய்வீர்கள் என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று முழு உறுதி கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவது மிகக் கொடிய தவறு.

மூத்த ஆய்வாளருக்கு எழுதுதல்

ஒருவருடைய இரண்டு கட்டுரைகளையாவது படித்த பிறகே எழுதுங்கள். மின்னஞ்சல் 150 சொல்லுக்குள் இருக்கட்டும். நீங்கள் யார் என்று ஒரு வரி, அவர் கட்டுரையில் எந்த இடம் உங்களை நிறுத்தியது என்று இரண்டு வரி, ஒரே ஒரு கேள்வி. ‘வழிகாட்டியாக இருப்பீர்களா?’ என்பது முதல் கடிதத்தில் கேட்கும் கேள்வியல்ல. இணைப்பு எதையும் அனுப்பாதீர்கள். இரண்டு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். புகழ்பெற்ற பேராசிரியரைவிட, மூன்று நான்கு ஆண்டுக்கு முன் முனைவர் பட்டம் பெற்றவர் பதில் எழுதுவதற்கு வாய்ப்பு அதிகம்; உங்கள் சிக்கல்களை அண்மையில் கடந்து வந்தவரும் அவரே.

மாநாட்டுக்கு விண்ணப்பித்தல்

கட்டுரை அழைப்பு பொதுவாக மாநாட்டுக்கு 6 முதல் 9 மாதம் முன்பே முடிந்துவிடும். எனவே இன்று தொடங்குபவர் அடுத்த ஆண்டின் மாநாட்டைக் குறிவைக்க வேண்டும். ஆய்வுச் சுருக்கத்துக்குப் பெரும்பாலும் 250 அல்லது 300 சொல் இடம் தருவார்கள். 250 என்றால் இப்படிப் பகிரலாம்: பின்னணிக்கு 40, இதுவரை விடுபட்டது என்ன என்பதற்கு 30, உங்கள் கேள்விக்கு 25, தரவும் முறையும் 60, கண்டது 70, அதனால் என்ன என்பதற்கு 25. புதியவர்கள் செய்வது நேர்மாறு. பின்னணிக்கே 150 சொல் போய்விடும். ‘உலகம் வேகமாக மூப்படைந்து வருகிறது’ என்று தொடங்கும் சுருக்கங்களைத் தேர்வுக் குழு நூற்றுக்கணக்கில் படிக்கிறது. அந்த வரியைக் கட்டாயம் அடித்துவிடுங்கள்.

ஆய்வு முடியவில்லை என்றால் முடிந்தது போல் எழுதாதீர்கள். ‘முதல் எட்டு நேர்காணல்களின் அடிப்படையில்’ என்று உள்ளதைச் சொல்லலாம், ஏற்பார்கள். வாய்மொழி உரைக்கு இடம் கிடைக்காமல், ஆய்வை ஒரே தாளில் அச்சிட்டுச் சுவரில் மாட்டி விளக்கும் போஸ்டருக்குக் கிடைத்தால் வருந்த வேண்டாம். 15 நிமிட உரையில் இரண்டு கேள்வி வரும். போஸ்டர் முன் ஒரு மணி நேரம் நின்றால் பத்துப் பேரோடு பேசலாம். தொடக்கத்தில் அதுதான் அதிகப் பயன்.

பெரும்பாலான பன்னாட்டுக் கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். உரையை எழுதி, உரத்துப் படித்து, கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஒதுக்கிய நேரத்தைவிட இரண்டு நிமிடம் குறைவாக முடியும்வரை வெட்டுங்கள். நேரம் தாண்டுபவர் தனக்குப் பின்னால் பேசுபவரின் நேரத்தைத் தின்கிறார். அதை அவையோர் மறப்பதில்லை. பயணச் செலவுக்கான உதவித்தொகை பல சங்கங்களில் உண்டு. அதற்கான விண்ணப்பம் சுருக்கம் அனுப்பும் நேரத்திலேயே கேட்கப்படும் என்பதால், ஏற்பு வந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டால் வாய்ப்புப் போய்விடும்.

மின்னஞ்சலில் தானாக வந்து சேரும் மாநாட்டு அழைப்புகளைச் சந்தேகியுங்கள். பொறியியல், மேலாண்மை, மொழியியல், முதியோர் நலம் எல்லாம் ஒரே கூட்டத்தில், நாலு நாளில் ஏற்பு, உல்லாச நகரம்: இவை மூன்றும் சேர்ந்தால் அது பணம் பறிக்கும் கடை.

அச்சில் முதல் அடி

முதல் கட்டுரைக்கு முன் ஒரு நூல் மதிப்புரை எழுதுங்கள். ஆய்விதழின் மதிப்புரை ஆசிரியருக்கு எழுதி, கடந்த இரண்டு ஆண்டில் வெளிவந்த ஒரு நூலைக் குறிப்பிட்டு, உங்களுக்கு அதில் என்ன தகுதி என்று இரண்டு வரி சொன்னால் போதும். வழக்கமாக 800 முதல் 1,200 சொல் கேட்பார்கள். கதைச்சுருக்கம் போல் அத்தியாயம் அத்தியாயமாக ஒப்பிக்காமல், நூலின் வாதம் எங்கே நிற்கிறது, எங்கே தளர்கிறது என்று எழுதுங்கள். இளையோர் பற்றிய நூலை முதுமை ஆய்வாளரின் கண்ணோடும், முதுமை நூலை இளையோர் ஆய்வாளரின் கண்ணோடும் படித்து எழுதும் மதிப்புரைகள் அரிது. உங்கள் தனித்தன்மை அங்கே தெரியும்.

கட்டுரை அனுப்பிய பிறகு முடிவு வர மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். ‘திருத்தி மீண்டும் அனுப்புக’ என்று வந்தால் அது நல்ல செய்தி. ஒவ்வொரு குறிப்பையும் அட்டவணையில் இட்டு, எதிரே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று எழுதுங்கள். ஏற்காத குறிப்புக்குக் காரணம் சொல்லி மறுக்கலாம்; கண்டும் காணாமல் விடுவதுதான் கூடாது. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு ஆய்விதழுக்கு அனுப்பாதீர்கள். பெயர்க் குழப்பம் தமிழ்ப் பெயர்களில் அதிகம். தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறி மாறி அச்சாகும். ஆய்வாளர்களுக்கான ‘ஆர்க்கிட்’ என்ற 16 இலக்க அடையாள எண்ணை இலவசமாகப் பெற்று, முதல் கட்டுரையிலிருந்தே பயன்படுத்துங்கள்.

இரண்டாம் ஆண்டில்

ஒரு கட்டுரையோ மதிப்புரையோ வெளிவந்த பிறகு சங்கத்தின் வேலைகளில் கை கொடுங்கள். அமர்வுக்குத் தலைமை தாங்குவது, சுருக்கங்களை மதிப்பிடுவது, வளரும் ஆய்வாளர் பிரிவின் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்வது போன்றவற்றுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். நாற்பது சுருக்கங்களை மதிப்பிட்டவருக்கு நல்ல சுருக்கம் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

மற்ற வீட்டுக்கு வழி வைக்க வேண்டிய நேரமும் இதுவே. இளையோர் ஆய்வாளர் ஒருவர், முதுமை ஆய்வாளர் ஒருவர், இரு தரப்பிலிருந்தும் இன்னும் இருவர் என நால்வர் சேர்ந்து ஓர் அமர்வை முன்மொழியுங்கள். நால்வரின் உரைக்கும் பொதுவான ஒரே கேள்வி முன்மொழிவின் முதல் வரியில் இருக்க வேண்டும். ‘வீட்டை விட்டு வெளியேறுதல்’ அப்படிப்பட்ட ஒரு கேள்வி: 19 வயதில் வாடகை அறைக்குப் போவதும், 82 வயதில் பராமரிப்பு இல்லத்துக்குப் போவதும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியும். உரைகளை மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பே தங்களுக்குள் பரிமாறிக்கொண்டு, ஒவ்வொருவரும் அடுத்தவர் உரைக்குக் கேள்வி தயாரித்து வாருங்கள். இல்லையென்றால் நான்கு தனி உரைகள் ஒரே அறையில் நடந்து முடியும், அமர்வு நடக்காது.